இறுக்கி அடைத்த பஞ்சு

என் பிரியமான மச்சான் தனபாலுக்கு,

வருகிற மாசியோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரஸ்காரர் இப்போதே ஆள் அனுப்பிவிட்டார். போட்டோவைக் கொடுத்தால் இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, கீழே சொந்தக்காரர்கள் பெயரை வரிசையாகப் போட்டு அஞ்சலி போஸ்டர் அடித்துத் தருகிறாராம். உன் அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். "செவுத்துல ஒட்டி மாடு தின்னுட்டுப் போறதுக்கா? அவன்கிட்ட சொல்ல வேண்டியது உங்களுக்கு ஒண்ணு கீதே, அத எழுதிப் போடுங்க" என்றாள். அதனால்தான் போஸ்டருக்குப் பதில் இந்தக் கடிதம். உத்திரமேரூரில் என் கடையில் மெத்தை வாங்கின எல்லாரும் படிக்கட்டும்.

போன வாரம் வடக்கே கரையில் மறுபடியும் எண்ணெய் ஒதுங்கியிருக்கிறது. எந்தக் கப்பல், எந்தக் குழாய் என்று ஆளுக்கு ஆள் கையைக் காட்டுகிறார்கள். அது எனக்கு முக்கியமில்லை. டிவியில் பார்த்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. முட்டளவு கறுப்பில் நின்றுகொண்டு ஆட்கள் வாளியால் மொள்ளுகிறார்கள். ஒருத்தர் கையில் மக்கு. நாம் குளிக்கிற மக்கு, மச்சான். ராக்கெட் விடுகிற தேசத்தில் கடலை மக்கால் மொண்டு சுத்தம் பண்ணுகிறார்கள். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாய். பேண்ட்டை மடித்துக்கொண்டு நீயும் இறங்கியிருப்பாய்.

உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். நீ என் பெண்டாட்டியின் தம்பி. துறைமுகத்தில் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் வேலை பார்த்தாய். கடலில் எண்ணெய் கொட்டினால் படகில் போய் அதை வளைத்து அள்ளுகிற கூட்டத்துக்கு நீதான் மேஸ்திரி. நமக்குக் கடல் என்றால் மாமல்லபுரம் போய் காலை நனைத்துக்கொண்டு வருவதோடு சரி. அப்படிப்பட்ட ஊரிலிருந்து போய் நீ எப்படி அந்த வேலைக்குச் சேர்ந்தாய் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

உன் வேலையை எனக்கு நீ சொல்லிக் கொடுத்தது கறிக்குழம்புக் கிண்ணத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை. குழம்பின் மேலே மிதந்த எண்ணெயைச் சுற்றி நாலு முருங்கைக்காய்த் துண்டை வைத்து வேலி கட்டினாய். "மொதல்ல வளைக்கணும் மாமா. எண்ணெய் நமக்காக நின்னுக்கினு இருக்காது. மணிக்கணக்குல ஊரெல்லாம் பரவிப் பூடும்." பிறகு கிண்ணத்தை லேசாகச் சாய்த்தாய். எண்ணெய் முருங்கைக்காயின் அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டது. அலை அடித்தாலும் நீரோட்டம் வேகமாக இருந்தாலும் வேலி இப்படித்தான் ஏமாற்றும் என்றாய். வளைத்ததை மிஷின் வைத்து மேலாக வழித்தெடுக்க வேண்டும் என்று கரண்டியால் வழித்துக் காட்டினாய். கடைசியில் கரண்டிக்கு அகப்படாமல் பளபள என்று மிஞ்சின படலத்தை இட்லித் துண்டால் ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாய். அதற்குத்தான் உறிஞ்சுகிற சாமான் என்றாய்.

மருந்து தெளிக்கிறார்களே, அது என்ன என்று கேட்டேன். கரண்டியை விட்டு ஒரு கலக்குக் கலக்கினாய். மேலே எண்ணெய் காணோம்.

"இப்ப எண்ணெய் எங்க மாமா?"

"குழம்புலதான் கீது."

"அவ்ளோதான். ஆழக்கடல்ல, வேற வழி இல்லாதப்ப, கணக்குப் பாத்து அடிக்கலாம். கரையோரம் அடிச்சா கண்ணுக்கு மறையும், மீனு வயித்துக்குப் பூடும்."

சோற்றில் விளையாடுகிறான் என்று உன் அக்கா உன் தலையில் குட்டினாள். உனக்கு அப்போதே நாற்பது வயசு.

அந்தக் கடைசி இட்லித் துண்டுதான் நம் இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டது. கம்பெனியில் அதற்கு வெளிநாட்டிலிருந்து வருகிற வெள்ளை பிளாஸ்டிக் நார்ப் பட்டையைத்தான் வைத்திருந்தார்கள். அது எப்போதும் தட்டுப்பாடு. ஒருமுறை பழைய படகு ஒன்றை உடைத்தபோது அதிலிருந்த ஆதிகாலத்து மிதவைச் சட்டை கிழிந்து எண்ணெய்த் தண்ணீரில் விழுந்ததாம். உள்ளே இருந்தது இலவம்பஞ்சு. சுற்றியிருந்த எண்ணெயை எல்லாம் அது இழுத்துக்கொண்டது, தண்ணீரைத் தொடவே இல்லை என்று சொல்லிக்கொண்டு லீவில் ஓடிவந்தாய். இருபத்தைந்து வருஷமாக அந்தப் பஞ்சையே விற்றுத் தின்கிற எனக்கு அது தெரியாது.

துணி துவைக்கிற வாளியில் தண்ணீரை ஊற்றி, டிராக்டர் எண்ணெயை ஊற்றி, கைப்பிடி பஞ்சைப் போட்டோம். பத்து எண்ணும் நேரத்துக்குள் பஞ்சு கறுத்தது, தண்ணீர் தெளிந்தது. பிழிந்தால் எண்ணெய் வந்தது. திரும்பப் போட்டால் திரும்பக் குடித்தது. நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். வாளியைப் பார்த்தது உன் அக்கா மட்டும்தான். அந்த வாளி இன்னும் எண்ணெய் வாடையோடு தோட்டத்தில் கிடக்கிறது. தூக்கிப் போட விடமாட்டேன் என்கிறாள்.

கம்பெனியில் நாலு பேரிடம் கெஞ்சி, ஒரு பரீட்சைக்கு நீ அனுமதி வாங்கினாய். ஆள் நீளத்துக்கு, தொடை கனத்துக்கு, நீளத் தலையணை மாதிரி நாற்பது உருப்படி செய்யச் சொன்னாய். போனில் நீ சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "மாமா, வலைத்துணியில தைங்க. பஞ்ச லூசா வுடுங்க. அமுக்கினா வெரல் எறங்கணும்."

விரல் இறங்க வேண்டும். இதை யாரிடம் சொன்னாய், மச்சான்?

சைக்கிள் கேரியரில் மெத்தையைக் கட்டிக்கொண்டு புள்ளலூர், தாமல் என்று மிதித்துத் தொழிலுக்கு வந்தவன் நான். நம் பக்கத்துக் கல்யாணத்தில் சீர் இறக்கும்போது என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். பாத்திரத்தை எண்ணிப் பார்ப்பார்கள், கட்டிலைத் தட்டிப் பார்ப்பார்கள், மெத்தைக்கு வந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்டுகளில் ஒருத்தி கட்டைவிரலை வைத்து அமுக்குவாள். விரல் இறங்கினால் பெண்ணைப் பெற்றவன் தலை குனிய வேண்டும். பஞ்சில் கை வைத்துவிட்டான் என்று மெத்தைக்காரன் பெயரும் அதோடு போகும். என் மெத்தையில் விரல் இறங்கினதாக இதுவரை ஒரு சம்பந்தியும் சொன்னதில்லை. கடைப் பலகையிலேயே அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

மேரியம்மா உனக்குத் தெரியும். என் கடை ஆரம்பித்த நாளிலிருந்து பஞ்சு அடைக்கிறவள். நீ அவளிடமும் தனியாகப் போனில் சொல்லியிருக்கிறாய். அவள் முதலில் இரண்டு உருப்படியை நீ சொன்னபடியே வலைத்துணியில் தளர அடைத்துக் கொண்டுவந்து காட்டினாள். அமுக்கினேன். விரல் போய் அந்தப் பக்கத்துத் துணியைத் தொட்டது. எனக்கு உடம்பே கூசிவிட்டது. கப்பல் கம்பெனிக்காரன் முன்னால் இதை வைத்தால் பஞ்சைத் திருடினவன் என்று சொல்ல மாட்டானா?

"தம்பி இப்படித்தான் சொல்லிச்சி மொதலாளி."

"அவனுக்குக் கடலு தெரியும். பஞ்சு எனக்குத் தெரியும்."

இரண்டையும் மூலையில் எறிந்துவிட்டு, நல்ல கெட்டி மெத்தைத் துணி எடுத்துக் கொடுத்தேன். கோல் வைத்துக் குத்திக் குத்தி நாற்பதையும் அடைக்கச் சொன்னேன். நீ கேட்டதைவிட இரண்டு பங்கு பஞ்சு போயிருக்கும். என் கைக்காசு போனாலும் தரத்தில் குறை வைக்கவில்லை என்று அன்றைக்கு எனக்குப் பெருமை வேறு.

பரீட்சை நாளில் நானும் வந்தேன். படகுத்துறை ஓரமாக ஒரு பெரிய தொட்டி. அதில் தண்ணீரும் எண்ணெயும். உன் மேனேஜர், இன்னும் ஐந்தாறு பேர், உன் கூட்டாளிகள். உருப்படிகளை இறக்கினார்கள். பனந்துண்டு மாதிரி மிதந்தன. எண்ணெய் வந்து பக்கத்தில் ஒட்டியது, வழுக்கியது, சுற்றிக்கொண்டு போய்விட்டது. அரை மணி கழித்து ஒன்றை எடுத்து நடுவில் கிழித்தார்கள். மேல்துணி கறுப்பு. உள்ளே பஞ்சு வெள்ளை வெளேர் என்று, அன்றைக்குத்தான் காயிலிருந்து எடுத்தது மாதிரி இருந்தது.

"உங்க மாமா படுக்கறதுக்கு நல்லா செஞ்சிருக்காரு தனபால்" என்றார் மேனேஜர். எல்லாரும் சிரித்தார்கள்.

நீ குனிந்து, கிழிந்த இடத்தில் விரலை வைத்து அமுக்கிப் பார்த்தாய். அது இறங்கவில்லை. அந்த நிமிஷமே உனக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா? நான் சொன்னது வேறு, இவர் செய்தது வேறு என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. ஏன் சொல்லவில்லை? நான் அக்கா புருஷன் என்பதற்காகவா? ஐந்தாறு பேர் முன்னால் நான் சின்னவனாகக் கூடாது என்றா? அதற்குப் பதில் நீ சின்னவனாக நின்றாயே.

அன்றைக்கு என்னோடு வண்டியிலேயே ஊருக்கு வந்தாய். படப்பை தாண்டும்வரை நான் வாயை மூடவில்லை. உன் யோசனையே தப்பு, உன் பேச்சைக் கேட்டு நல்ல பஞ்சு வீணாய்ப் போச்சு, பேஜார் பிடித்த வேலை என்று என்னென்னவோ பேசினேன். வாலாஜாபாத்தில் டீ குடிக்க இறங்கினோம். அப்போதுதான் நீ வாயைத் திறந்தாய்.

"பஞ்சு மேல தப்பு இல்ல மாமா."

"அப்ப யார் மேல?" என்று கத்தினேன்.

நீ என்னைப் பார்த்தாய். பிறகு டீயைக் குடித்துவிட்டு கிளாஸை வைத்தாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி நீ பேசவே இல்லை. வேலை இடத்தில் உன்னை 'மெத்தை' என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள் என்பதும் எனக்கு அப்புறம்தான் தெரியும். நாலு மாதம் கழித்து நெஞ்சுவலி என்று போன் வந்தது. நாங்கள் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

நீ போன பிறகு, சித்திரையில், பஞ்சு அடிக்கிற மிஷினில் எண்ணெய் ஒழுகியது. தரையெல்லாம் வழுக்கும் என்று மேரியம்மா, நான் மூலையில் எறிந்த அந்த இரண்டு உருப்படியையும் எடுத்து மிஷினுக்கு அடியில் போட்டிருக்கிறாள். பத்து நாள் யாரும் கவனிக்கவில்லை. மெக்கானிக் வந்தபோது ஒன்றை இழுத்தேன். நகரவில்லை. இரண்டு கையாலும் தூக்கினேன். காற்று மாதிரி இருந்த சாமான் ஈர நெல் மூட்டை மாதிரி கனத்தது. அடியில் தரை சுத்தமாக இருந்தது. தராசில் வைத்தேன். நான் வியாபாரி, எடை எனக்குப் பொய் சொல்லாது. பஞ்சு தன் எடையைப் போலப் பல மடங்கு எண்ணெயைக் குடித்திருந்தது.

மேரியம்மா பக்கத்தில் நின்றாள். "தம்பி சொன்னது சரிதான் மொதலாளி. உள்ள எடம் வுட்டாத்தான் எண்ணெய் போவும். நீங்க எடமே வுடல."

இவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு உன் சாவு வேண்டியிருந்தது.

அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு உன் கம்பெனிக்குப் போனேன். மேனேஜர் ஃபைலைத் திறந்து காட்டினார். இங்கிலீஷில் இருந்ததை அவரே படித்துச் சொன்னார். யோசனை சொன்னவர் தனபால். பொருள், இலவம்பஞ்சு. முடிவு, எண்ணெயை உறிஞ்சாது, உபயோகப்படாது. "டெஸ்ட் பண்ணியாச்சு சார், ஃபைல் க்ளோஸ்" என்றார். உன் பெயரும் அந்த வரியும் ஒரே பக்கத்தில் இருந்தன. செத்த பிறகும் அந்தத் தொட்டி ஓரத்தில் உன்னை நிற்க வைத்திருக்கிறார்கள்.

திரும்பப் பரீட்சை வைக்கச் சொல்லி நான் அலைந்ததை எழுதினால் படிக்கிறவர்களுக்கு அலுத்துவிடும். பஞ்சு எண்ணெய் குடிக்கும் என்று சர்டிபிகேட் கொண்டு வா என்றார்கள். சர்டிபிகேட் கொடுக்கிற இடத்தில் துறைமுக ஆபீஸிலிருந்து கடிதம் கொண்டு வா என்றார்கள். ஆபீஸில் போய்க் கேட்டால் சர்டிபிகேட் இல்லாமல் எப்படிக் கடிதம் கொடுப்பது என்றார்கள். அனுமதித்த சாமான் லிஸ்டில் பிளாஸ்டிக் நார் என்றுதான் இருக்கிறது, பஞ்சு என்று இல்லை என்றார் ஒருத்தர். லிஸ்டை யார் எழுதுவது என்று கேட்டேன். அது மேலே என்றார். மேலே என்றால் எந்த மாடி என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். லிஸ்டில் மக்கு இருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும். அப்போது தோன்றவில்லை.

அவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. மூன்று மனு எழுதிக் கொடுத்தேன். முதல் மனுவில் அன்றைக்குத் துணி சரியில்லை என்று எழுதினேன். இரண்டாவதில் தொட்டியில் இருந்த எண்ணெய் ரொம்பக் கெட்டி என்று எழுதினேன். மூன்றாவதில் நேரம் போதவில்லை என்று எழுதினேன். போன வாரம் டிவியில் அந்த மக்கைப் பார்த்துவிட்டு நான் கத்திக்கொண்டிருந்தபோது, உன் அக்கா உள்ளே போய் மூன்று மனுவின் நகலையும் எடுத்துவந்து என் முன்னால் போட்டாள்.

"துணின்னு கீது, எண்ணெய்ன்னு கீது, நேரம்னு கீது. உங்க பேரு எங்க கீது?"

'விரல் இறங்காத மெத்தை' என்று பலகை எழுதி வைத்திருக்கிறவன், அவன் லூசாக அடைக்கச் சொல்லியும் நான்தான் இறுக்கி அடைத்தேன் என்று எப்படி எழுதுவான்? ஆபீஸ்காரன் என்னை ஏமாற்றுகிறான் என்று கத்தினேனே தவிர, நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? உனக்கு உண்மை தெரியும், மேரியம்மாவுக்குத் தெரியும், உன் அக்காவுக்கும் தெரிந்திருக்கிறது. எழுதாதவன் நான் ஒருத்தன்தான்.

மறுநாள் நாலாவது மனுவை எழுதினேன். நாலே வரி. தனபால் வலைத்துணியில் தளர அடைக்கச் சொன்னான். நான் கேட்கவில்லை. மெத்தை மாதிரி இறுக்கி அடைத்தேன். பரீட்சையில் தோற்றது என் வேலை, அவன் யோசனை அல்ல. கையெழுத்துப் போட்டு, மேரியம்மா புதிதாகத் தளர அடைத்த ஆறு உருப்படியோடு வண்டியில் கொண்டுபோனேன்.

மேனேஜர் படித்தார். இரண்டு முறை படித்தார். சீல் வைத்து வாங்கிக்கொண்டு, பார்க்கிறோம் என்றார். கொட்டின எண்ணெய்க்கே ஆள் பற்றாத நேரத்தில் இது எங்கே என்று முணுமுணுத்தார். சாமானை வைக்க இடமில்லை, எடுத்துப் போங்கள் என்றார்.

கம்பெனி கேட்டில் உன் கூட்டாளி ஒருத்தர் நின்றிருந்தார். அன்றைக்குத் தொட்டி ஓரத்தில் சிரித்தவர்களில் ஒருத்தர்தான். வண்டியைப் பார்த்தார், ஒன்றை அமுக்கினார். விரல் இறங்கியது. ஒன்றும் கேட்காமல் இரண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கரைப் பக்கம் போனார். அடுத்த நாள் மத்தியானம் போன் பண்ணினார். "தார் மாதிரி கட்டியா கீறத இது குடிக்கலண்ணே. அத அள்ளிட்டு, மேல பளபளன்னு நிக்குதே, அத ஒட்டக் குடிச்சிடுச்சி. டிரம்முல புழிஞ்சா எண்ணெய்தான் வருது, தண்ணியே இல்ல. மெத்தை... தனபாலு அப்பவே சொல்லிக்கினு இருந்தான்" என்றார். இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். மிச்சம் நாலையும் கொண்டுபோக வண்டியை எடுப்பதற்குள் மறுபடியும் போன். லிஸ்டில் இல்லாத சாமான் என்று சூப்பர்வைசர் இரண்டையும் பிடுங்கி ஓரம் போட்டுவிட்டாராம். ஆட்கள் திரும்ப வாளிக்குப் போய்விட்டார்களாம்.

எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை, மச்சான். நீ இதற்குள்ளேதான் பதினைந்து வருஷம் வேலை பார்த்தாயா? வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டு கறிக்குழம்பில் வேலி கட்டினாயே, எப்படி முடிந்தது?

இப்போது கடையில் இரண்டு குவியல் இருக்கிறது. ஒன்று கல்யாண மெத்தை. அதில் விரல் இறங்கக் கூடாது. இன்னொன்று உன்னுடையது. அதில் இறங்காததை நான் பிரித்துத் திரும்ப அடைக்கச் சொல்கிறேன். மேரியம்மாவும் மற்றப் பெண்களும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். "மொதலாளிக்கு இன்னா ஆச்சி, பஞ்ச கொறைக்கச் சொல்றாரு" என்கிறார்கள். சிரிக்கட்டும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த ஃபைலில் உன் பெயருக்குக் கீழே இருக்கிற வரியை மாற்றாமல் நான் விடமாட்டேன். அதே தொட்டியில், அதே மேனேஜர் முன்னால், ஆள் போதாது என்றால் என் செலவில் ஆள் கூட்டிக்கொண்டு போய், நாற்பது உருப்படியையும் திரும்ப இறக்குவேன். இறக்குவதற்கு முன்னால் ஒவ்வொருத்தரையும் கட்டைவிரல் வைத்து அமுக்கிப் பார்க்கச் சொல்வேன், சம்பந்தி வீட்டார் மாதிரி.

வாலாஜாபாத் டீக்கடையில் தப்பு யார் மேல என்று நான் உன்னைப் பார்த்துக் கேட்டேன். நீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்துவிட்டாய். அந்தக் கேள்விக்குப் பதிலை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீல் வாங்கிவிட்டேன். இங்கேயும் எழுதிவிட்டேன். இனி நீ தலை நிமிர்ந்து நில், மச்சான்.

உன் அக்கா புருஷன்,
பஞ்சு மட்டும் தெரிந்த உன் மாமா,
கோதண்டம்
உத்திரமேரூர்